எலும்பு சொல்லும் வலிமை

நுழையும்முன்

சிங்கம் வலியதா, புலி வலியதா என்னும் கேள்விக்கு அவ்விரண்டையும் நேரில் கண்டவர்கள்கூட ஒரே விடையைக் கூறுவதில்லை. அவ்வாறிருக்க, எந்த மனிதரும் கண்டிராத, ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்துபோன விலங்குகளின் வலிமையை எதைக்கொண்டு அளப்பது? ஊனுண்ணி டைனோசர்கள் விட்டுச்சென்ற எலும்பு, பல், தழும்பு ஆகியவற்றிலிருந்து அறிவியலாளர்கள் அவ்வலிமையைக் கணிக்கும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

நடவாத சண்டை

2001ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஜுராசிக் பார்க்' வரிசையின் மூன்றாம் திரைப்படத்தில், முதுகில் பாய் விரித்தாற்போன்ற தோற்றமுடைய ஸ்பைனோசாரஸ், டைரனோசாரஸ் ரெக்ஸைக் கழுத்தை முறித்துக் கொல்லும் காட்சி ஒன்று உண்டு. பார்ப்போரை உறையவைக்கும் அக்காட்சி உண்மையில் ஒருபோதும் நடந்திருக்க இயலாது. ஸ்பைனோசாரஸ் இன்றைய வட ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ ஒன்பதரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. டைரனோசாரஸ் ரெக்ஸ் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் 6 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை வாழ்ந்தது. இரண்டிற்கும் இடையே ஒரு பெருங்கடலும் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலமும் குறுக்கே நின்றன.

கால இடைவெளியைப் பற்றிய இந்த மயக்கம் பலருக்கும் உண்டு. டைனோசர்கள் அனைத்தும் ஒரே காட்டில் ஒரே காலத்தில் திரிந்தவை போலப் படங்கள் காட்டுகின்றன. அல்லோசாரஸ் என்னும் ஊனுண்ணி வாழ்ந்தது ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அதன் காலத்திற்கும் டைரனோசாரஸின் காலத்திற்கும் உள்ள இடைவெளி, டைரனோசாரஸின் காலத்திற்கும் இன்றைக்கும் உள்ள இடைவெளியைவிடப் பெரிது.

ஆகவே, எது எதனை வென்றிருக்கும் என்பது விளையாட்டுக் கேள்வியே ஆகும். ஆயினும் அதனுள் மெய்யான கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது. ஒரு விலங்கின் வலிமை அதன் எடையிலா, தாடையிலா, நகத்திலா, காலிலா, எதில் இருக்கிறது? தசை முழுவதும் அழிந்து எலும்பு மட்டும் எஞ்சிய நிலையில் அதனை அளக்கத்தான் முடியுமா?

தொடை எலும்பும் உடல் எடையும்

வலிமை என்றவுடன் எடையே முதலில் நினைவுக்கு வருகிறது. இரண்டு கால்களால் நடந்த விலங்கின் முழு எடையையும் அதன் தொடை எலும்புகளே தாங்கின. கட்டடத்தின் பளுவுக்கு ஏற்பத் தூண் பருப்பதுபோல உடல் எடைக்கு ஏற்பத் தொடை எலும்பும் பருக்கும். இன்று வாழும் விலங்குகள் பலவற்றின் எலும்புச் சுற்றளவையும் எடையையும் ஒப்பிட்டு, இரண்டிற்கும் உள்ள தொடர்பைச் சமன்பாடாக்கியுள்ளனர். டைனோசரின் தொடை எலும்பு ஒன்று முழுமையாகக் கிடைத்தால் அச்சமன்பாட்டைக்கொண்டு அதன் எடையை மதிப்பிடலாம். மற்றொரு வழி, எலும்புக்கூடு முழுவதையும் கணினியில் படியெடுத்து, அதன்மேல் தசையும் தோலும் போர்த்தி, உருவத்தின் கனஅளவைக் கண்டறிவதாகும்.

இவ்விரு வழிகளும் ஒரே எண்ணைத் தருவதில்லை. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் 1990இல் சூ ஹெண்ட்ரிக்சன் கண்டெடுத்த டைரனோசாரஸ், அவர் பெயராலேயே 'சூ' என வழங்கப்பெறுகிறது. சிகாகோ நகரின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் நிற்கும் அதன் நீளம் 12.3 மீட்டர். எலும்புகளில் பெரும்பகுதி கிடைத்த, மிக விரிவாக ஆராயப்பட்ட எலும்புக்கூடு அது. அதற்கே ஆறு டன்னுக்கும் குறைவு என ஒரு சாராரும் ஒன்பது டன்னுக்கும் மிகுதி என மற்றொரு சாராரும் எடை கூறியுள்ளனர். கனடாவின் சஸ்காட்செவன் மாநிலத்தில் கிடைத்த 'ஸ்காட்டி' என்னும் டைரனோசாரஸின் எடை ஏறத்தாழ 8,870 கிலோகிராம் என 2019இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தொடை எலும்பின் சுற்றளவைக்கொண்டு பெற்ற எண் அது. பத்துக் கிலோவரை துல்லியமாகத் தோன்றும் அவ்வெண்ணின் பின்னால் டன் கணக்கான ஐயம் நிற்கிறது என்பதனை மறத்தல் கூடாது.

டைரனோசாரஸே நிலத்தில் நடந்த ஊனுண்ணிகளுள் மிகப் பெரியது என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. அதனை அசைத்தவர் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரூபன் கரோலினி. தொழில்முறை ஆய்வாளர் அல்லாத அவர், படகோனியா நிலப்பரப்பில் 1993இல் பேருருவ எலும்புக்கூடு ஒன்றைக் கண்டார். ரொடோல்ஃபோ கோரியாவும் லியனார்டோ சல்கடோவும் 1995இல் அதற்கு ஜிகனோட்டோசாரஸ் கரோலினியை எனப் பெயரிட்டனர். தெற்கின் பேருருவப் பல்லி என்பது அப்பெயரின் பொருள். நீளத்தில் அது சூவுக்கு இணையானது அல்லது சற்று மிகுந்தது. எடையிலோ டைரனோசாரஸ் முந்துகிறது என்று பெரும்பாலான அண்மைக்கால மதிப்பீடுகள் கூறுகின்றன. டைரனோசாரஸின் மார்பும் இடுப்பும் அகன்றவை. நீளம் மிகுந்தது எடையிலும் மிகும் என்று கொள்வதற்கில்லை.

பல்லின் தடமும் கடியின் விசையும்

எடை என்பது விலங்கின் இருப்பு மட்டுமே. அதன் செயலை அறியக் கடியைப் பார்த்தல் வேண்டும். ஊனுண்ணி டைனோசர்களின் வலிமையை ஒப்பிடுவதில் மிகுந்த ஆய்வு நடந்திருப்பதும் இத்துறையில்தான்.

இறந்துபோன விலங்கு எத்தனை விசையுடன் கடித்தது என்பதனை முதன்முதலில் செய்துபார்த்து அளந்தவர்களுள் கிரெகரி எரிக்சன் குறிப்பிடத்தக்கவர். மூன்று கொம்புகளையுடைய டிரைசெராடாப்ஸ் என்னும் தாவர உண்ணியின் இடுப்பெலும்பு ஒன்று அவருக்குச் சான்றாக வாய்த்தது. அவ்வெலும்பு முழுவதும் டைரனோசாரஸின் பற்கள் பதிந்த குழிகளும் கீறல்களும் நிறைந்திருந்தன. ஆழமான குழியொன்று ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இறங்கியிருந்தது. எரிக்சன் குழுவினர் டைரனோசாரஸ் பல்லின் வடிவில் உலோகப் பல் ஒன்றை வார்த்தனர். அதனை அழுத்தும் பொறியில் பொருத்தி மாட்டின் இடுப்பெலும்பில் இறக்கினர். டிரைசெராடாப்ஸின் எலும்பில் கண்ட அதே ஆழத்தை எட்டுவதற்கு எவ்வளவு விசை தேவைப்படுகிறது எனக் குறித்துக்கொண்டனர். 1996இல் அவர்கள் வெளியிட்ட விடை, பல் இருக்கும் இடத்தைப் பொறுத்து 6,410 முதல் 13,400 நியூட்டன் வரை என்பதாகும்.

தெரிந்து தெளிவோம்

விசையை அளக்கும் அலகு நியூட்டன். ஒரு கிலோகிராம் பொருளைக் கையில் தாங்கும்போது கை உணரும் பளு ஏறத்தாழ 9.8 நியூட்டன். மனிதர் கடைவாய்ப் பல்லால் கடிக்கும் விசை சில நூறு நியூட்டன் அளவினது. இன்று வாழும் விலங்குகளுள் நேரடியாக அளக்கப்பெற்ற மிக வலிய கடி உவர்நீர் முதலையினுடையது. அது 16,414 நியூட்டன்.

எரிக்சன் கண்ட எண் ஒரு கீழ் எல்லை மட்டுமே. இறந்து கிடந்த இரையின் எலும்பை நிதானமாகக் கடித்த விலங்கு தன் முழு வலிமையையும் காட்டியிருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பின்வந்த ஆய்வாளர்கள் வேறு வழியை நாடினர். தசை அழிந்தாலும் அது எலும்பில் பற்றியிருந்த இடத்தின் தடம் அழிவதில்லை. அத்தடத்தின் பரப்பு தசையின் பருமனைக் காட்டும். தசையின் பருமன் அதன் இழுவிசையைக் காட்டும். தாடையோ ஒரு நெம்புகோல். மூட்டிலிருந்து தசை இருக்கும் தொலைவும் பல் இருக்கும் தொலைவும் தெரிந்தால் பல்லின் நுனியில் எத்தனை விசை இறங்கும் எனக் கணக்கிடலாம்.

இவ்வழியில் 2012இல் கார்ல் பேட்ஸும் பீட்டர் ஃபால்கிங்காமும் கணினி மாதிரி ஒன்றை உருவாக்கி, டைரனோசாரஸின் பின்பற்கள் 35,000 முதல் 57,000 நியூட்டன் வரை அழுத்தின என்றனர். பால் கிக்னாக்கும் எரிக்சனும் 2017இல் முதலை, பறவை ஆகியவற்றின் தசையமைப்பை அடிப்படையாகக் கொண்டு மீண்டும் கணக்கிட்டனர். அவர்கள் பெற்றது 8,526 முதல் 34,522 நியூட்டன் வரை. முதலையும் பறவையும் டைனோசர்களுக்கு மிக நெருங்கிய உறவின. பறவைகள் டைனோசர் வழியில் தோன்றியவையே. ஆதலால் இரண்டாவது மதிப்பீடு கூடுதல் அடக்கமும் கூடுதல் பொருத்தமும் உடையதாகத் தோன்றுகிறது. எந்த மதிப்பீட்டைக் கொண்டாலும் அதன் உயர் எல்லை இன்று வாழும் எந்த விலங்கின் கடியையும் விஞ்சி நிற்கிறது.

இக்கணக்கிற்கு முற்றிலும் வேறொரு திசையிலிருந்தும் சான்று கிடைத்துள்ளது. சஸ்காட்செவனில் கிடைத்த, கல்லாக மாறிய எச்சம் ஒன்றைக் கரென் சின் குழுவினர் 1998இல் ஆராய்ந்து வெளியிட்டனர். 44 சென்டிமீட்டர் நீளமுள்ள அச்சாணம் டைரனோசாரஸினுடையதாக இருத்தல் வேண்டும் என்பது அவர்கள் முடிவு. அதனுள் இளம் தாவர உண்ணி டைனோசர் ஒன்றின் எலும்புகள் நொறுங்கிய துண்டுகளாகச் செறிந்திருந்தன. டைரனோசாரஸ் இறைச்சியை மட்டும் உரித்துத் தின்று எலும்பை விட்டுச்சென்ற விலங்கன்று. எலும்பை உடைத்தே விழுங்கியது. அதற்கு ஏற்பவே அதன் பற்கள் தடித்தவை; வேரும் சேர்த்து முப்பது சென்டிமீட்டர் வரை நீண்டவை. மூக்கெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே கட்டையாய் இறுகியிருந்தன.

மெலிந்த கடியும் வலிய தலையும்

கடிவிசையே வலிமை என்று முடிவு கட்டினால் அல்லோசாரஸ் அம்முடிவைக் குலைத்துவிடும். எமிலி ரேஃபீல்டு குழுவினர் 2001இல் அதன் மண்டையோட்டைக் கணினியில் படியெடுத்து ஆராய்ந்தனர். பாலங்களையும் வானூர்திகளையும் வடிவமைக்கும் பொறியாளர்கள் கையாளும் முறையையே அவர்களும் கையாண்டனர். பொருள் ஒன்றைப் பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பகுத்து, பளு ஏறும்போது ஒவ்வொரு கூறும் எவ்வளவு நெருக்கத்திற்கு உள்ளாகிறது எனக் கணக்கிடும் முறை அது.

வந்த விடை வியப்பை அளித்தது. அல்லோசாரஸின் தசைகள் தந்த கடிவிசை அதிக அளவாக 2,148 நியூட்டன் மட்டுமே. ஏறத்தாழ எட்டரை மீட்டர் நீண்ட விலங்குக்கு இது மிகச் சிறிய எண். முதலையின் கடியில் ஏழில் ஒரு பங்கைக்கூட அது எட்டவில்லை. ஆயின், அதே மண்டையோடு செங்குத்தாக வரும் 55,500 நியூட்டன் விசையைத் தாங்கவல்லதாய் இருந்தது. கடிப்பதற்குத் தேவையானதைப் போல் இருபது மடங்குக்கும் மேற்பட்ட உறுதி அத்தலைக்கு எதற்கு?

வாயை அகலத் திறந்து, கழுத்துத் தசையின் வலிமையால் மேல்தாடையைக் கோடரிபோல் இரையின்மீது இறக்கியிருக்கலாம் என்று ரேஃபீல்டு குழுவினர் கருதினர். அக்கருத்தை ஏற்காதோரும் உளர். கடித்தபின் தலையைப் பின்னுக்கு இழுத்துத் தசையைக் கிழித்திருக்கும் என்பது அவர்கள் விளக்கம். இரண்டில் எது சரியெனினும் அல்லோசாரஸின் வலிமை தாடைத் தசையில் இல்லை என்பது தெளிவு. அதன் வலிமை கழுத்திலும் பல்லின் கூர்மையிலும் இருந்தது. இன்று இந்தோனேசியத் தீவுகளில் வாழும் கொமோடோ உடும்பும் இவ்வகையினதே. அதன் கடி மிக மெலிது. ஆயினும் அரம்பப் பற்களால் சதையை அறுத்து, நஞ்சும் கலந்து, தன்னைவிடப் பெரிய மானையும் எருமையையும் அது வீழ்த்துகிறது.

ஜிகனோட்டோசாரஸின் பற்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. தட்டையான, மெல்லிய, ஓரத்தில் நுண்ணிய அரம்பம் கொண்ட கத்தி போன்ற பற்கள் அவை. எலும்பில் மோதினால் முறியக்கூடிய அத்தகைய பற்கள் அதற்கு ஏன் அமைந்தன என்பதற்கு விடை அது வாழ்ந்த நிலத்தில் உள்ளது. அன்றைய படகோனியாவில் நீண்ட கழுத்துடைய பேருருவத் தாவர உண்ணிகள் மலிந்திருந்தன. பல்லாயிரம் கிலோ எடையுள்ள அவற்றின் எலும்பை நொறுக்க எந்தத் தாடையாலும் இயலாது. விலாவிலும் தொடையிலும் சதையை அறுத்துக் குருதி வடியச்செய்து, அவை தளரும்வரை காத்திருப்பதே வழி. வட அமெரிக்காவில் டைரனோசாரஸ் எதிர்கொண்டதோ எலும்புக் கேடயமும் கொம்பும் உடைய டிரைசெராடாப்ஸ். உடல் முழுதும் எலும்புத் தகடு போர்த்த அங்கைலோசாரஸும் அங்கு வாழ்ந்தது. அங்கே கத்தியைவிடச் சம்மட்டியே உதவும்.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ரோவும் ரேஃபீல்டும் 2025இல் பதினெட்டு ஊனுண்ணி இனங்களின் மண்டையோடுகளை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு இதனை உறுதிப்படுத்துகிறது. உடல் பெருத்தால் கடியும் வலுக்கும் என்பது பொதுவிதி அன்று. டைரனோசாரஸ் வழியினவே உருவம் பெருக்கும்போது எலும்பை நொறுக்கும் தாடையையும் பெற்றன. அவற்றுக்கு நிகரான உருவமுடைய பிற வழியினவோ மெல்லிய கடியுடனேயே நின்றன. மற்றொரு செய்தியும் அவ்வாய்வில் வெளிப்பட்டது. தன் கடியின் விசையால் டைரனோசாரஸின் மண்டையோடே பெரும் நெருக்கத்திற்கு உள்ளாயிற்று. வலிமைக்கு அது தன் எலும்பிலேயே விலை கொடுத்தது.

பெருத்த உடலின் தளர்ச்சி

அவ்விலை தலையோடு நிற்கவில்லை. உருவம் இருமடங்காகும் விலங்கு ஒன்றின் எடை எண்மடங்காகிறது; கால் எலும்பின், தசையின் குறுக்குப் பரப்போ நான்மடங்கே ஆகிறது. எனவே உடல் பெருக்கப் பெருக்கக் கால்களின் பாடு கடினமாகிறது. டைரனோசாரஸ் விரைந்து ஓட வேண்டுமாயின் அதன் உடல் எடையில் எண்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பங்கு கால் தசையாகவே இருந்திருத்தல் வேண்டும் என ஜான் ஹட்சின்சனும் மரியானோ கார்சியாவும் 2002இல் காட்டினர். அத்தகைய உடல் எந்த விலங்குக்கும் இல்லை. ஓடினால் கால் எலும்பு முறிந்திருக்கும் என்று 2017இல் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றும் கூறியது. திரைப்படத்தில் மகிழுந்தை விரட்டிச் செல்லும் டைரனோசாரஸ் மெய்யுலகில் விரைவு நடையோடு நின்றிருக்கும். அதன் இரை விலங்குகளும் பெருத்த உடலினவே ஆதலால் அந்நடையே அதற்குப் போதுமானதாக இருந்திருக்கலாம்.

ஒரு மீட்டர் நீளமே உள்ள அதன் முன்கைகளைப் பற்றி எழுந்த கேலிகள் பல. பயன் இன்னதென ஒருமித்த கருத்து இன்றுவரை இல்லை. தலையே ஆயுதமாகிவிட்ட விலங்குக்குக் கை சிறுத்தது பெருங்குறை அன்று.

தழும்பே சான்று

கணக்குகள் எத்தனை நுட்பமாயினும் அவை செய்திருக்கக்கூடியதையே சொல்லும். செய்ததைச் சொல்பவை தழும்புகள். டைரனோசாரஸ் வேட்டையாடியதா, செத்த விலங்கை மட்டும் தின்றதா என்பது நீண்ட நாள் வழக்கு. பல் தடம் பதிந்த டிரைசெராடாப்ஸின் இடுப்பெலும்பு அவ்வழக்கைத் தீர்க்கவில்லை. இறந்த உடலைக் கடித்தாலும் அத்தடம் விழும். தீர்ப்புக்கு உதவியது தெற்கு டகோட்டாவில் கிடைத்து 2013இல் வெளியிடப்பட்ட ஒரு வால் துண்டு. வாத்தலகுடைய தாவர உண்ணி ஒன்றின் இரு வால் முள்ளெலும்புகளுக்கு இடையே டைரனோசாரஸின் பல் முறிந்து புதைந்திருந்தது. அப்பல்லைச் சுற்றிப் புதிய எலும்பு வளர்ந்து புண் ஆறியிருந்தது. இறந்த உடலில் புண் ஆறாது. உயிரோடு இருந்த விலங்கை டைரனோசாரஸ் தாக்கியது; அது தப்பியது; பல்லை உடலில் சுமந்தபடி பல திங்களோ ஆண்டோ வாழ்ந்தது. வலிமை மிக்க தாடையும் தோற்ற நாளின் ஆவணம் அது.

அல்லோசாரஸும் இத்தகைய பதிவுகளைக் கொண்டுள்ளது. அதன் வால் முள்ளெலும்பு ஒன்றில் ஸ்டெகோசாரஸின் வால்முள் அளவுக்குப் பொருந்தும் துளை ஒன்று காணப்படுகிறது. வயோமிங் மாநிலத்தில் 1991இல் எடுக்கப்பட்ட 'பிக் அல்' என்னும் இளம் அல்லோசாரஸின் எலும்புகளுள் பத்தொன்பதில் முறிவோ நோயோ தென்பட்டது. அதன் காலில் சீழ்பிடித்த புண் நெடுநாள் இருந்தது. இறப்பதற்கு முன் அது நொண்டியே திரிந்திருக்கும். வேட்டை ஊனுண்ணிக்கும் எளிதாக இருக்கவில்லை.

இருவகை டைனோசர்கள் பொருதியபடியே கல்லாகிவிட்ட காட்சியும் ஒன்று உண்டு. போலந்து, மங்கோலிய ஆய்வாளர்கள் 1971இல் கோபி பாலைவனத்தில் அதனைக் கண்டெடுத்தனர். வெலாசிராப்டர் ஒன்று தன் கால் நகத்தை எதிரியின் கழுத்துப் பகுதியில் பாய்ச்சியிருக்கிறது. எதிரியான புரோட்டோசெராடாப்ஸ் தன் அலகால் அதன் வலக்கையைக் கவ்வியிருக்கிறது. இரண்டும் அந்நிலையிலேயே மணலில் புதையுண்டன. திரைப்படம் ஆளுயரமாகக் காட்டிய வெலாசிராப்டர் உண்மையில் வான்கோழியைவிடச் சற்றே பெரியது. அரிவாள் போல வளைந்த அதன் நகம் வயிற்றைக் கிழிப்பதற்கு என்றே நெடுநாள் எண்ணப்பட்டது. ஃபில் மானிங் குழுவினர் அந்நகத்தோடு பொறிக்கால் ஒன்றைச் செய்து பன்றி, முதலை ஆகியவற்றின் உடலில் பாய்ச்சிப் பார்த்தனர். நகம் குத்தித் துளையிட்டது, கிழிக்கவில்லை. இரையைப் பற்றிக்கொண்டு நழுவாமல் தொங்குவதற்கு அது பயன்பட்டிருக்கும் என அவர்கள் கூறினர்.

எரிந்த எலும்புகளும் உதிர்ந்த எலும்புகளும்

சான்றே இல்லாமற்போனால் வலிமையை எவ்வாறு ஒப்பிடுவது? திரையில் டைரனோசாரஸை வென்ற ஸ்பைனோசாரஸின் கதை அத்தகையது. எகிப்தின் பகாரியா பாலைவனச் சோலையில் 1912இல் கிடைத்த அதன் எலும்புகளை ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் 1915இல் விளக்கிப் பெயரிட்டார். அவை மியூனிக் நகர அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 1944 ஏப்ரல் 24ஆம் நாள் இரவு நடந்த குண்டுவீச்சில் அக்கட்டடம் எரிந்தது, எலும்புகளும் அழிந்தன. ஸ்ட்ரோமரின் வரைபடங்களும் சில ஒளிப்படங்களுமே எஞ்சின. எழுபது ஆண்டுகள் கழிந்து, 2014இல் நிசார் இப்ராகிம் குழுவினர் மொராக்கோவில் கிடைத்த புதிய எலும்புக்கூட்டை வெளியிட்டபோதுதான் அதன் உருவம் மீண்டும் தெளிவுபெறத் தொடங்கியது. பின்னங்கால்கள் குட்டையானவை, தாடை முதலையினுடையதுபோல் நீண்டு ஒடுங்கியது, பற்கள் அரம்பமற்ற கூம்புகள். வால் துடுப்புப்போல் உயர்ந்தது என 2020இல் தெரியவந்தது. ஏறத்தாழ 14 மீட்டர் நீண்ட அவ்விலங்கு வழுக்கும் மீனைப் பற்றுவதற்கே உருவானது. அது நீந்தி வேட்டையாடியதா, கரையோர நீரில் நின்று கொக்குபோல் மீன் பிடித்ததா என்பதில் அறிஞரிடையே வாதம் தொடர்கிறது. டைரனோசாரஸின் கழுத்தை முறிக்கும் தாடை மட்டும் அதற்கு இல்லை.

டைரனோசாரஸ் வட அமெரிக்காவில் திரிந்த அக்காலத்தை ஒட்டியே இந்தியாவிலும் ஊனுண்ணி டைனோசர்கள் வாழ்ந்தன. அப்போது இந்தியா ஆசியாவோடு சேராத ஒரு பெருந்தீவு. குஜராத்தின் ரகியோலியில் 1980களில் எடுக்கப்பட்ட எலும்புகளைக்கொண்டு 2003இல் ராஜாசாரஸ் நர்மதென்சிஸ் எனப் பெயரிடப்பட்ட விலங்கு அவற்றுள் ஒன்று. தலைமேல் குறுங்கொம்பு உடையது. டைரனோசாரஸின் நீளத்தில் ஏறத்தாழப் பாதியே இருந்தது. ஆயினும் தான் வாழ்ந்த நிலத்தின் பெரிய ஊனுண்ணிகளுள் அதுவும் ஒன்று.

அதனைப் பெரிதும் விஞ்சிய ஊனுண்ணி ஒன்று இருந்ததாகச் சில ஆண்டுகள் எண்ணப்பட்டது, அது தமிழ்நாட்டில். இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டுப் பாறைகளில் கிடைத்த எலும்புகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் விளக்கினர். புருஹத்காயோசாரஸ், அதாவது பேருடல் பல்லி என்று பெயரிட்டு, ஊனுண்ணி வகையில் அதனைச் சேர்த்தனர். அதன் கீழ்க்கால் எலும்பின் நீளம் 2 மீட்டர். டைரனோசாரஸின் தொடை எலும்பே ஒன்றரை மீட்டரை எட்டுவதில்லை. அவ்வகைப்பாடு சரியாக இருந்திருப்பின், எலும்பை ஒப்பிட்டு வலிமை கணிக்கும் வரிசையில் உலகின் ஊனுண்ணிகள் அனைத்தும் கல்லமேட்டு விலங்கின் பின்னே நின்றிருக்கும்.

1995இல் சங்கர் சட்டர்ஜி அதனை மறுஆய்வு செய்து, அது நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்று காட்டினார். இன்று அறிஞர் பெரும்பாலோரும் அவ்வாறே கருதுகின்றனர். உலகில் வாழ்ந்த மிகப் பெரிய நிலவிலங்குகளுள் ஒன்றாக அது இருந்திருக்கலாம். மீண்டும் அளந்து உறுதிசெய்ய எலும்புகள்தாம் இல்லை. எளிதில் உதிரும் இயல்புடைய அவை சிதைந்து அழிந்துவிட்டன என்பது 2017இல் அய்யாசாமியும் சேர்ந்து எழுதிய கட்டுரையால் தெரியவந்தது. மூலக் கட்டுரையின் கோட்டுப்படங்களும், 2022இல் முதன்முறையாக வெளியிடப்பட்ட களத்து ஒளிப்படங்களும் மட்டுமே இன்று ஆய்வாளர் கையில் உள்ளன. கல்லமேட்டுப் பாறைகளில் அகழ்வதற்கு இன்னும் இடம் இருக்கிறது.